டி செல்லைப் பெருக வைப்பதும் நகர வைப்பதும்: ஆய்வகச் செய்முறை

தொண்டைப் புண் வந்தால் தாடைக்குக் கீழே நெறி கட்டும். அந்த நெறிக்குள் இரண்டு வேலை நடக்கிறது. கிருமியின் துண்டை அடையாளம் கண்டுகொண்ட டி செல்கள் (எதிர்ப்பு மண்டலத்தின் ஒரு வகை வெள்ளணு) முதலில் அங்கேயே தங்கிப் பிரிந்து பெருகுகின்றன. பெருகிய பிறகுதான் நெறியை விட்டுக் கிளம்பிப் புண்ணை நோக்கிப் போகின்றன. தூண்டல் கிடைத்த சில மணி நேரத்தில் செல்லின் மேல் சிடி69 என்ற புரதம் முளைக்கிறது. வெளியேறுவதற்கு வேண்டிய எஸ்1பி1 ஏற்பியை அது உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்த ஏற்பி திரும்ப மேலே வர மூன்று நான்கு நாள் ஆகும். அதுவரை செல் நெறிக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கும்.

பிளேட்டில் வேலை செய்யும்போதும் இந்த வரிசையை மறக்கக் கூடாது. பெருக்கத்துக்கும் நகர்வுக்கும் சமிக்ஞை வேறு, கால அளவு வேறு, கட்டுப்பாட்டுக் குழிகளும் வேறு. இரண்டையும் ஒரே நாளில் ஒரே தூண்டலில் பார்த்துவிடலாம் என்று இறங்கினால் இரண்டுமே சரியாக வராது. மனித ரத்தத்திலிருந்து டி செல்லை எடுத்து, முதலில் பெருக்கத்தையும் அடுத்து நகர்வையும் அளக்கும் முறை இங்கே இருக்கிறது. செல் வளர்ப்பில் அடிப்படைப் பழக்கம் உள்ள முதுகலை, ஆய்வு மாணவர்களை மனதில் வைத்து எழுதியது.

ரத்தம் எடுப்பதற்கு முன்

நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், ரத்தம் தருபவரின் கையெழுத்திட்ட சம்மதமும் இல்லாமல் ஊசியைத் தொடக் கூடாது. சோதனை செய்பவர் தன் சொந்த ரத்தத்தையும் பயன்படுத்தக் கூடாது. வளர்ப்பில் மாற்றமடைந்த உங்கள் செல் தவறி ஊசி வழியாக உடலுக்குள் திரும்பினால், உங்கள் எதிர்ப்பு மண்டலம் அதை அந்நியமாகப் பார்க்காது. மஞ்சள் காமாலை பி தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். எல்லா வேலையும் இரண்டாம் வகுப்பு பாதுகாப்பு ஹூட்டுக்குள் நடக்க வேண்டும்.

ஹெப்பாரின் உள்ள பச்சை மூடிக் குழாயில் ரத்தம் வாங்குங்கள். ஊதா மூடிக் குழாயில் இருக்கும் ஈடிடிஏ கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். டி செல் விழித்தெழ கால்சியம் வேண்டும். நன்றாகக் கழுவினால் ஈடிடிஏ ரத்தத்தையும் பயன்படுத்தலாம் என்றாலும், தேர்வு உங்கள் கையில் இருந்தால் ஹெப்பாரின்தான் நல்லது. ரத்தத்தை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், அன்றே பிரித்துவிடுங்கள். பழைய ரத்தத்தில் கிரானுலோசைட்டுகள் என்ற வேறு வகை வெள்ளணுக்களின் அடர்த்தி குறையும். கீழே போக வேண்டியவை நடு அடுக்கில் வந்து கலந்து டி செல்லின் பெருக்கத்தை அமுக்கிவிடும்.

வெள்ளணுவைப் பிரித்தல்

20 மி.லி. ரத்தத்தோடு அதே அளவு பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) சேருங்கள். இரண்டு 50 மி.லி. குழாய்களில் தலா 15 மி.லி. ஃபைகால் என்ற அடர்த்தியான பிரிப்புத் திரவத்தை ஊற்றுங்கள். அதன் அடர்த்தி மி.லி.க்கு 1.077 கிராம். லிம்போசைட்டும் மோனோசைட்டும் அதைவிட லேசு, சிவப்பணுவும் கிரானுலோசைட்டும் கனம். பிரிப்பு முழுக்க இந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது. குழாயைச் சாய்த்துப் பிடித்து, பைப்பெட் நுனியைச் சுவரில் ஒட்டி, 20 மி.லி. நீர்த்த ரத்தத்தைச் சொட்டுச் சொட்டாக வழியவிடுங்கள். முதல் 5 மி.லி. மிக மெதுவாகப் போக வேண்டும். ஒரு மெல்லிய அடுக்கு படிந்தபின் சற்று வேகம் கூட்டலாம். எல்லைக்கோடு கத்தியால் வெட்டியது போல் தெரிய வேண்டும். ரத்தம் ஃபைகாலுக்குள் புகை மாதிரி இறங்கினால் அந்தக் குழாயில் பிரிப்பு சுத்தமாக வராது.

400 ஜி, 30 நிமிடம், 20 டிகிரி, பிரேக் இல்லாமல் சுற்றுங்கள். ஜி என்பது புவியீர்ப்பின் மடங்கு, ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) அன்று. ரோட்டரின் ஆரம் 17 செ.மீ. என்றால் 400 ஜிக்கு ஏறக்குறைய 1450 ஆர்.பி.எம். வரும். ஆரம் மாறினால் இந்த எண்ணும் மாறும். பக்கத்து ஆய்வகத்தின் ஆர்.பி.எம்.மை அப்படியே எடுத்துக்கொள்வதால்தான் பல ஆய்வகங்களில் பிரிப்பு கெடுகிறது. பிரேக் போட்டால் சுழல் எழுந்து அடுக்குகள் கலந்துவிடும். தானாக நிற்கப் பத்து நிமிடம் ஆனாலும் காத்திருங்கள்.

வெப்பநிலை சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் நம் ஊரில் அதுவே பெரிய விஷயம். சித்திரை வெயிலில் மேசைமேல் இருந்த ஃபைகால் 33, 34 டிகிரிக்குப் போயிருக்கும். சூடானால் அதன் அடர்த்தி குறைந்து, நமக்கு வேண்டிய லிம்போசைட்டும் கீழே இறங்கிவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே பயன்படுத்தினால் அடர்த்தி கூடி, வேண்டாத கிரானுலோசைட்டுகள் மேலேயே தங்கும். ஃபைகால், ரத்தம், பிபிஎஸ், சென்ட்ரிஃப்யூஜ் நான்கும் 18 முதல் 20 டிகிரிக்குள் இருக்கட்டும்.

நின்றபின் குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மேலே மஞ்சள் பிளாஸ்மா, அதன் அடியில் மோர் கலங்கியது போல ஒரு வெண் வளையம், பிறகு நிறமில்லாத ஃபைகால், அடியில் சிவப்பு. வளையத்தை மட்டும் வட்டமாகச் சுற்றிவந்து உறிஞ்சுங்கள். ஆசைப்பட்டு ஃபைகாலையும் சேர்த்து எடுத்தால் அடுத்த கழுவலில் செல் கீழே இறங்காது. மூன்று மடங்கு பிபிஎஸ் ஊற்றி 300 ஜியில் 10 நிமிடம், மறுமுறை 200 ஜியில் 10 நிமிடம். இரண்டாவது வேகத்தை வேண்டுமென்றே குறைக்கிறோம், பிளேட்லெட்டுகள் மிதந்து போகட்டும் என்று.

செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் டிரிபான் நீலத்தோடு சமமாகக் கலந்து, எண்ணும் கண்ணாடியில் (ஹீமோசைட்டோமீட்டர்) எண்ணுங்கள். நான்கு மூலைக் கட்டங்களின் சராசரி 80 என்றால், நீர்த்தலுக்கு 2, கட்டத்தின் கொள்ளளவுக்கு 10,000 பெருக்க, மி.லி.க்கு 16 லட்சம். ஆரோக்கியமான ஒருவரின் ஒரு மி.லி. ரத்தத்திலிருந்து 10 முதல் 20 லட்சம் செல் வரும். உயிருள்ளவை 95 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிறுத்திவிட்டு, எங்கே பிழை என்று தேடுங்கள்.

வளர்ப்புத் திரவம்: ஆர்பிஎம்ஐ 1640, அதில் 56 டிகிரியில் அரை மணி சூடாக்கிய கன்றுச் சீரம் 10 சதவீதம், எல்-குளுட்டமைன் 2 மில்லிமோலார், பெனிசிலின் மி.லி.க்கு 100 யூனிட், ஸ்ட்ரெப்டோமைசின் 100 மைக்ரோகிராம். சுண்டெலி செல் என்றால் 2-மெர்காப்டோஎத்தனால் 50 மைக்ரோமோலார் கட்டாயம். அது இல்லாமல் எலி லிம்போசைட் தள்ளாடும், மனித செல் சமாளித்துக்கொள்ளும்.

பெருக வைத்தல்

பழைய வழி அவரையிலிருந்து வந்தது. 1960-இல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல், சிவப்பணுக்களைக் கட்டியாக்கி அகற்றப் பயன்பட்ட ராஜ்மாச் சாறு, அடங்கிக் கிடந்த வெள்ளணுக்களைப் பிரிய வைப்பதைக் கண்டார். அந்தச் சாற்றில் உள்ள, சர்க்கரையோடு ஒட்டும் புரதமான லெக்டின்தான் பிஹெச்ஏ. அரைவேக்காட்டு ராஜ்மா சாப்பிட்டவர் வாந்தி எடுப்பதும் இதே புரதத்தால்தான். பிஹெச்ஏ-எல் மி.லி.க்கு 1 முதல் 5 மைக்ரோகிராம் போதும். அளவு கூட்டினால் பெருக்கம் கூடும் என்று நினைக்காதீர்கள், அளவு மிகுந்தால் செல்கள் சாகத் தொடங்கும். இதை ஒவ்வொரு பிளேட்டிலும் நேர்க் கட்டுப்பாடாக வையுங்கள். பிஹெச்ஏ குழி பெருகவில்லை என்றால் அந்தப் பிளேட்டின் எந்த முடிவையும் நம்ப வேண்டாம்.

உடலில் நடப்பதற்கு நெருக்கமான வழி, டி செல்லின் மேல் உள்ள சிடி3, சிடி28 புரதங்களில் ஒட்டும் எதிர்ப்பொருள்கள். டி செல்லுக்கு மூன்று சமிக்ஞை வேண்டும். கிருமியை அடையாளம் காணும் டி செல் ஏற்பி வழியாக வருவது முதல் சமிக்ஞை, அதை சிடி3 எதிர்ப்பொருள் தருகிறது. துணை சமிக்ஞை சிடி28 வழியாக வருகிறது. மூன்றாவது ஐஎல்-2 போன்ற சைட்டோகைன்கள் (செல்கள் சுரக்கும் தூதுப் புரதங்கள்), தூண்டப்பட்ட செல் ஐஎல்-2-ஐத் தானே சுரக்கும். முதல் சமிக்ஞை மட்டும் கிடைத்த செல் செயலிழந்து, பிறகு முழுத் தூண்டல் கொடுத்தாலும் எழாமல் போகலாம்.

தட்டையான அடியுள்ள 96 குழி பிளேட்டில், பிபிஎஸ்ஸில் கரைத்த சிடி3 எதிர்ப்பொருளை (ஓகேடி3 அல்லது யுசிஹெச்டி1) மி.லி.க்கு 2 மைக்ரோகிராம் செறிவில் குழிக்கு 50 மைக்ரோலிட்டர் விடுங்கள். 37 டிகிரியில் 2 மணி நேரம், அல்லது 4 டிகிரியில் இரவு முழுக்க. செல் போடுவதற்குச் சற்று முன் பிபிஎஸ்ஸால் இருமுறை கழுவுங்கள். இடையில் குழி காயக் கூடாது. இந்தக் கரைசலில் சீரமோ அல்புமினோ இருந்தால் அவை பிளாஸ்டிக்கில் முந்திக்கொண்டு ஒட்டும், எதிர்ப்பொருளுக்கு இடமிருக்காது. புட்டியில் சோடியம் அசைடு இருக்கிறதா என்றும் பாருங்கள். சாயமேற்றும் வேலைக்காக வாங்கிய எதிர்ப்பொருளில் அது பெரும்பாலும் இருக்கும், செல்லைக் கொன்றுவிடும். சிடி28 எதிர்ப்பொருளைக் கரைந்த நிலையிலேயே மி.லி.க்கு 1 மைக்ரோகிராம் சேர்த்தால் போதும்.

பிரிவை எண்ண சிஎஃப்எஸ்இ சாயம். ஆஸ்திரேலியாவில் லயன்ஸும் பாரிஷும் 1994-இல் வெளியிட்ட முறை இது. சாயம் செல்லுக்குள் புரதங்களோடு நிரந்தரமாகப் பிணைகிறது. செல் பிரியும்போது இரண்டு மகள் செல்லுக்கும் பாதிப் பாதி போகிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒளி பாதியாகக் குறைவதால், செல்லை ஒவ்வொன்றாக ஒளியில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஏழெட்டுத் தலைமுறை வரை படிக்கட்டு போலத் தெரியும்.

1 கோடி செல்லை 1 மி.லி. பிபிஎஸ்ஸில் கலக்குங்கள். இதில் சீரம் துளியும் இருக்கக் கூடாது, இருந்தால் சாயத்தை அது குடித்துவிடும். வேறொரு குழாயில் 1 மி.லி. பிபிஎஸ்ஸுக்கு 5 மில்லிமோலார் சிஎஃப்எஸ்இ 1 மைக்ரோலிட்டர் விட்டால் 5 மைக்ரோமோலார் வரும். இதை செல் குழாயில் ஒரே மூச்சில் ஊற்றி உடனே கலக்குங்கள். இறுதிச் செறிவு 2.5 மைக்ரோமோலார். சாயத்தை நேராக செல்மேல் சொட்டினால் சொட்டு விழுந்த இடத்து செல் அதிகமாகவும் தள்ளி இருப்பது குறைவாகவும் குடிக்கும். அப்புறம் படிக்கட்டுக்குப் பதிலாக ஒரு மேடுதான் கிடைக்கும். அறை வெப்பநிலையில், இருட்டில், 8 நிமிடம். பிறகு ஐந்து மடங்கு குளிர்ந்த சீரத் திரவம் ஊற்றி நிறுத்துங்கள், 5 நிமிடம் விட்டு இருமுறை கழுவுங்கள்.

குழிக்கு 2 லட்சம் செல், 200 மைக்ரோலிட்டர் திரவம், ஒவ்வொன்றும் மூன்று குழி. பிளேட்டின் ஓரக் குழிகளில் செல் போடாமல் பிபிஎஸ் நிரப்புங்கள், அங்கே திரவம் ஆவியாகி உப்புச் செறிவு ஏறும். கட்டாயம் இருக்க வேண்டிய குழிகள்: சாயமிட்டுத் தூண்டாதவை, சாயமிடாமல் தூண்டியவை, பிஹெச்ஏ. சாயமேற்றிய முதல் நாளில் பிரிவு எதுவும் இல்லாமலேயே ஒளி ஏறக்குறைய பாதியாக விழும். அதனால் பூஜ்யத் தலைமுறைக் கோட்டை, அதே நாளில் எடுத்த தூண்டாத செல்லை வைத்துத்தான் போட வேண்டும். முதல் நாள் ஒளியை வைத்துப் போட்டவர்கள், பிரியாத செல்லைப் பிரிந்ததாகக் காட்டியிருப்பார்கள்.

37 டிகிரி, 5 சதவீத கரியமில வாயு. மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தால் செல் பெருத்திருக்கும். இரண்டாம் நாள் திராட்சைக் குலை மாதிரி கட்டிக் கட்டியாகத் திரண்டிருக்கும். தூண்டாத குழியில் அதே செல்கள் மணல் தூவியது போல் தனித்தனியே கிடக்கும். மூன்றாம் நாள் திரவம் சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கு வரும், மஞ்சளானால் செல் பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம், பாதித் திரவத்தை மாற்றுங்கள். முதல் பிரிவுக்கே ஒன்றரை முதல் இரண்டு நாள் ஆகும். அதனால் 24 மணி நேரத்தில் சைட்டோமீட்டருக்கு ஓடுவதில் பயனில்லை. நான்காம் நாள் பார்ப்பது நல்லது. பிசிஜி போட்டவரின் செல்லைப் பிபிடியால் (காசநோய்க் கிருமியின் புரதச் சாறு) தூண்டுவது போல நினைவுச் செல்லை மட்டும் எழுப்பும் சோதனை என்றால் ஆறு நாள் கொடுங்கள், அங்கே தொடங்கும் செல்லே மிகக் கொஞ்சம்.

கணக்கு போடுமிடத்தில் கவனம் வேண்டும். பிரியாதவை 2000, ஒருமுறை பிரிந்தவை 2000, இருமுறை 4000, மும்முறை 8000 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 16,000-இல் 14,000 பிரிந்தவை, அதாவது 87.5 சதவீதம் என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் மும்முறை பிரிந்த 8000 செல்லும் 1000 தாய் செல்லிலிருந்து வந்தவை. ஒவ்வொரு தலைமுறையையும் 2, 4, 8 என வகுத்தால் தாய் செல்கள் 2000, 1000, 1000, 1000. மொத்தம் 5000-இல் பிரியத் தொடங்கியவை 3000, அதாவது 60 சதவீதம். தொடக்கச் செல் ஒன்றுக்குச் சராசரி பிரிவு 1.2. ஒரு மருந்து, கிளம்பும் செல்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறதா, கிளம்பியவற்றின் வேகத்தைக் குறைக்கிறதா என்பதை இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

எம்டிடி சோதனையை வைத்து டி செல் பெருகியது என்று எழுதும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். அது அளப்பது வளர்சிதை மாற்றத்தை. தூண்டப்பட்ட செல் ஒருமுறைகூடப் பிரியாமலே பருத்து, எரிபொருளை அதிகம் எரிக்கும். நிறமும் ஏறும், எண்ணிக்கை மட்டும் ஏறியிருக்காது.

நகர வைத்தல்

1962-இல் ஸ்டீஃபன் பாய்டன் அமைத்த இரட்டை அறைதான் இன்றைய டிரான்ஸ்வெல்லுக்கு மூதாதை. துளையிட்ட சவ்வுக்கு மேலே செல், கீழே செல்லை ஈர்க்கும் புரதமான கீமோகைன். லிம்போசைட்டுக்கு 5 மைக்ரோமீட்டர் துளை, நியூட்ரோஃபில்லுக்கு 3. புற்றுச் செல்லுக்கான 8 மைக்ரோமீட்டர் சவ்வு மிச்சம் இருக்கிறதே என்று எடுத்துப் போட்டால், லிம்போசைட் நகராமலே அதன் வழியாக விழுந்துவிடும்.

எந்த நிலையில் உள்ள செல்லுக்கு எந்த கீமோகைன் என்று முதலில் முடிவெடுங்கள். அன்று பிரித்த ஓய்வு செல்லுக்கு சிஎக்ஸ்சிஎல்12. நெறிக்குள் நுழையும் தன்மையைப் பார்க்க சிசிஎல்19 அல்லது சிசிஎல்21. அழற்சியை நோக்கிப் போவதைப் பார்க்க சிஎக்ஸ்சிஎல்10. கடைசியாகச் சொன்னதற்கான சிஎக்ஸ்சிஆர்3 ஏற்பி கன்னி டி செல்லில் (இதுவரை தூண்டப்படாத செல்) இருக்காது, தூண்டிப் பெருகிய பிறகுதான் ஏறும். ஆகவே சிடி3 பிளேட்டில் மூன்று நாள் தூண்டிய செல்லை அங்கிருந்து எடுத்து, ஐஎல்-2 மி.லி.க்கு 50 யூனிட் சேர்த்த புதுத் திரவத்தில், மி.லி.க்கு 5 முதல் 10 லட்சம் அடர்த்தியில், ஏழாம் நாள் வரை வளர்த்துப் பிறகு சோதியுங்கள். சிடி3 பிளேட்டிலிருந்து நேராகச் சவ்வுக்கு மாற்றக் கூடாது. ஏற்பி வழியாக வரும் சமிக்ஞை டி செல்லுக்கு நில் என்ற கட்டளை. இரையைக் கண்ட செல் அங்கேயே நின்று வேலை பார்க்க வேண்டும் என்பதற்காக உடல் வைத்த ஏற்பாடு அது.

நகர்வுத் திரவத்தில் சீரம் சேர்க்காதீர்கள். சீரத்திலேயே எஸ்1பி போன்ற ஈர்ப்புப் பொருள்கள் உண்டு, பின்னணி எகிறிவிடும். ஆர்பிஎம்ஐயில் கொழுப்பமிலம் நீக்கிய அல்புமின் 0.5 சதவீதமும் ஹெப்பீஸ் 10 மில்லிமோலாரும் போதும். இந்தத் திரவத்தில் செல்லை 37 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓய்வெடுக்க விடுங்கள். பிரிக்கும்போது உள்ளே போன ஏற்பிகள் அதற்குள் மேலே வரும்.

24 குழி பிளேட்டின் அடியில் 600 மைக்ரோலிட்டர் கீமோகைன் திரவம். சவ்வு பொருத்திய செருகியைச் சாய்த்து இறக்குங்கள், சவ்வின் அடியில் காற்றுக்குமிழி சிக்கினால் அந்த இடத்தில் செல்லுக்கு எந்த ஈர்ப்பும் தெரியாது. மேலே 5 லட்சம் செல் 100 மைக்ரோலிட்டரில். இன்குபேட்டரில் 2 முதல் 3 மணி நேரம், அசைக்காமல். இரவு முழுக்க விட வேண்டாம், அதற்குள் மேலும் கீழும் செறிவு சமமாகிவிடும்.

சிஎக்ஸ்சிஎல்12-ஐ மி.லி.க்கு 10, 30, 100, 300 நானோகிராம் என நான்கு அளவில் வையுங்கள். பலன் மணி வடிவத்தில் ஏறி இறங்கும். செறிவு மிகுந்தால் ஏற்பிகள் நிறைந்து உள்ளே போய்விடும், செல்லுக்குத் திசை தெரியாது. 300-இல் மட்டும் பார்த்துவிட்டு வேலை செய்யவில்லை என்று கைவிட்ட கீமோகைன், 100-இல் நன்றாக ஈர்த்திருக்கலாம்.

கட்டுப்பாடுகளில் முதலாவது, கீழே வெறும் திரவம். அடுத்தது, மேலும் கீழும் ஒரே அளவு கீமோகைன். சாலி சிக்மண்டும் ஜேம்ஸ் ஹிர்ஷும் 1973-இல் காட்டிய சதுரங்கக் கட்ட முறையின் சாரம் இதுதான். இரண்டு பக்கமும் சமமாக இருந்தும் செல் கீழே வந்தால், அது திசையறிந்து போகவில்லை, வெறுமனே துறுதுறுவென அலைகிறது. இதை வைக்காமல் திசை நகர்வு என்று எழுதினால் எந்த நல்ல மதிப்பீட்டாளரும் திருப்பி அனுப்புவார். மூன்றாவது, 50,000 செல்லை நேராகக் கீழ்க் குழியில் போட்டது, 10 சதவீதம் நகர்ந்தால் எவ்வளவு என்பதற்கு அளவுகோல். நான்காவது, கக்குவான் இருமல் கிருமி சுரக்கும் பெர்ட்டுசிஸ் நச்சில், மி.லி.க்கு 100 நானோகிராம் அளவில், இரண்டு மணி நேரம் வைத்த செல். கீமோகைன் ஏற்பிகள் பெரும்பாலும் செல்லுக்குள் சமிக்ஞை கடத்தும் ஜிஐ புரதம் வழியாகப் பேசுகின்றன, நச்சு அதை அடைத்துவிடும். கக்குவான் இருமல் வந்த குழந்தையின் ரத்தத்தில் லிம்போசைட் எண்ணிக்கை எகிறுவதும் இதனால்தான். செல்கள் ரத்தத்தை விட்டு நெறிக்குள் நுழைய முடியாமல் தேங்கிவிடுகின்றன.

முடிந்ததும் செருகியின் விளிம்பைக் குழிச் சுவரில் மெல்லத் தட்டி, அடியில் தொங்கும் செல்லை உதிருங்கள். ஐஎல்-2இல் வளர்ந்த செல் சவ்வில் நன்றாக ஒட்டிக்கொள்ளும். அதற்கு 5 மில்லிமோலார் குளிர்ந்த ஈடிடிஏயைக் கீழ்க் குழியில் சேர்த்து 10 நிமிடம் வையுங்கள். சைட்டோமீட்டரில் எல்லாக் குழாயையும் ஒரே ஓட்ட வேகத்தில் 60 நொடி ஓட விடுங்கள், அல்லது எண்ணும் மணிகளைக் கலந்து எண்ணுங்கள். எண்ணும் கண்ணாடியில் எண்ணுவது சில ஆயிரம் செல்லுக்குச் சரிப்படாது. வெறும் திரவத்துக்கு 10,000, கீமோகைனுக்கு 60,000 என்று வந்தால் நகர்வு 12 சதவீதம், குறியீட்டெண் (வெறும் திரவத்தைப் போல எத்தனை மடங்கு) 6. இரண்டையும் எழுதுங்கள். பின்னணி 500 ஆக இருக்கும் நாளில் 3000 செல் வந்தாலும் குறியீட்டெண் 6தான், ஆனால் நகர்ந்தது ஒரு சதவீதம்கூட இல்லை.

எங்குமே நகர்வு இல்லையென்றால் கீமோகைனைக் குறை சொல்லும் முன், அதே செல்லில் ஏற்பி மேற்பரப்பில் இருக்கிறதா என்று எதிர்ப்பொருள் சாயமிட்டுப் பாருங்கள். இருந்தும் நகரவில்லை என்றால் கீமோகைனை எப்படிப் பிரித்து வைத்தீர்கள் என்று யோசியுங்கள். அல்புமின் இல்லாத பஃபரில் நானோகிராம் அளவுகளில் வைத்தால் அது குழாயின் சுவரிலேயே ஒட்டிக் காணாமல் போகும். 0.1 சதவீத அல்புமினில் சிறு பங்குகளாக மைனஸ் 80 டிகிரியில் வைத்து, ஒரு முறை உருக்கியதை மறுபடி உறைய வைக்காமல் பயன்படுத்துங்கள். வெறும் திரவக் குழியிலேயே நிறைய செல் இருந்தால், சவ்வில் கிழிசலா, செருகியை வைக்கும்போது மேலிருந்து வழிந்ததா என்று பாருங்கள். மூன்று குழிகளில் ஒன்று மட்டும் எகிறி நின்றால் பெரும்பாலும் வழிந்ததுதான் காரணம்.

பயன்படுத்திய பிளேட், செருகி, கழுவிய திரவம் எல்லாவற்றையும் 1 சதவீத ஹைப்போகுளோரைட்டில் அரை மணி ஊறவைத்த பிறகே அப்புறப்படுத்துங்கள். ஹைப்போகுளோரைட்டில் ஊறியதை ஆட்டோகிளேவில் போடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.